டிவிடி துணைக்குழு

ஏரிக்கரை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளரிடம் போய் யோசனை கேட்கலாம் என்று ஜெபகுமார் கிளம்பியபோது அவனைத் தடுக்க வீட்டில் ஆள் இருந்தது. மனைவி சத்யபிரியா இருந்தாள். ஆனால் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அவளுக்கு டாக்டர் உத்தரவு. “அந்த மனுசன்கிட்ட மட்டும் போகாதீங்க” என்று அவள் கத்தியது, அவன் படி இறங்கும் சத்தத்தில் கேட்கவில்லை.

அவளுக்கு ஆறாவது மாதம். கர்ப்பப்பை வாய் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்தே இருக்கவேண்டும், மாடிப்படி என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று தாம்பரத்து டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்றபடி கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்த இரண்டாவது மாடி அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். டிவியில் எந்நேரமும் யாராவது யாருக்காவது பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தார்கள். படம் போட்டாலோ, கதாநாயகன் கையை ஓங்கியதும் சோப்பு விளம்பரம் வந்துவிடும். அது முடிந்து பார்த்தால் அடி வாங்கியவன் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருப்பான். அடி எப்படி விழுந்தது என்பது கடைசி வரை தெரியாது.

“ஒரு படம். முதல்லேருந்து கடைசி வரைக்கும். நடுவுல யாரும் எனக்கு சோப்பு விக்கக் கூடாது. அவ்ளோதான் கேக்கறேன்” என்றாள்.

ஸ்டேஷன் பக்கத்து டிவிடி கடை அப்போது ரீசார்ஜ் கடையாக மாறியிருந்தது. மறைமலை நகர் தொழிற்சாலையில் ஜெபகுமாரோடு வேலை பார்க்கும் ஒருவர்தான் வழி சொன்னார். இப்போதெல்லாம் படம் கூரியரில் வருகிறதாம். மாதச் சந்தா கட்டிவிட்டு, இன்டர்நெட்டில் வேண்டிய படங்களைக் குறித்து வைத்தால் போதும். டிவிடி வீட்டுக்கே வரும். பார்த்துவிட்டு அதே கவரில் போட்டுக் கொடுத்தால் அடுத்தது வரும். இதில் இரண்டு கம்பெனிகள் இருந்தன. டிஸ்க்டோர் என்பது மறுநாளே அனுப்பும், ஆனால் தமிழ்ப் படம் குறைவு. சினிவண்டியில் தமிழ்ப் படம் கொட்டிக் கிடந்தது, ஆனால் எப்போது வரும் என்ற இடத்தில் ‘கூடிய விரைவில்’ என்று போட்டிருந்தது.

தொழிற்சாலையில் ஜெபகுமார் தரப் பரிசோதகன். ஒரு பிரேக் பாகத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவான். வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பற்பசை வாங்கக்கூட யாரையாவது கேட்டாகவேண்டும். கல்யாணச் சட்டைக்கு நாலு பேரை யோசனை கேட்டு, நாலு பேரும் நாலு விதமாகச் சொல்லப்போக, கடைசியில் நாலாவது ஆளின் சட்டையையே இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டவன் அவன்.

செயலாளர் ஸ்ரீநிவாசன் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான். ஏரிக்கரையில் கைகளை வீசி நடந்துகொண்டிருந்தவர், “ரெண்டுல எது நல்லது சார்?” என்று ஜெபகுமார் கேட்டதும் சட்டென்று நின்றார்.

“நல்லவேளை. வாங்கறதுக்கு முன்னாடி கேட்டீங்க” என்றார். “நீங்க ஒண்ணு எடுப்பீங்க. பி பிளாக்ல ஒருத்தர் இன்னொண்ணு எடுப்பார். கேட்ல ரெண்டு கம்பெனி கூரியர்காரனும் வந்து நிப்பான். அப்புறம் ஒழுங்கு எங்கேருந்து வரும்? இதைக் காலனியே சேர்ந்து தேர்ந்தெடுக்கணும்.”

“என் ஒய்ஃப் ஒருத்திக்காகத்தான் சார்…”

“உங்க ஒய்ஃப் இந்தக் காலனியில இல்லையா?”

இருக்கிறாள் என்று ஜெபகுமார் ஒப்புக்கொண்டான். அங்கேதான் மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அவசரக் கூட்டம் நடந்தது. தலைவர் சத்யநாராயணனுக்கு ஒரு காது கேட்காது. யாராவது பேச்சை நிறுத்தினால் “ஆமோதிக்கிறேன்” என்பார். மூச்சு வாங்க நிறுத்தியவர்களின் பாதி வாக்கியங்கள் அந்தக் காலனியில் பல தீர்மானங்களாகி இருந்தன. அன்றைக்கு ‘திரைப்பட வாடகைச் சேவைத் தேர்வுத் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. அதன் அழைப்பாளராக ஜெபகுமார் நியமிக்கப்பட்டான். அழைப்பாளருக்கு என்ன வேலை என்று கேட்டான்.

“காபி” என்றார் ஸ்ரீநிவாசன்.

துணைக்குழுவின் முதல் கூட்டத்தில் எந்தக் கம்பெனி என்ற கேள்வியே எழவில்லை. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று எழுந்தது. வருகிற டிவிடி, பொருளா விருந்தாளியா? பொருளென்றால் வாசலோடு ஒப்படைத்துவிடலாம். ஆனால் அது இரண்டு மூன்று ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. தங்கிப் போகிறவர்களைப் பற்றிச் சங்கத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. விளக்கம் கேட்க வாட்ச்மேன் துரையை வரவழைத்தார்கள்.

“இன்னா சார், ஆளா சாமானான்னு என்னிய கேக்கறீங்கோ?” என்றார் துரை. “அது தட்டு மாதிரி கீது சார். ஆளு மாதிரி தெர்லியே.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு துரை. உள்ள எத்தனை பேர் இருப்பாங்க?”

“எதுக்குள்ள சார்?”

“படத்துக்குள்ள.”

துரை கொஞ்ச நேரம் யோசித்தார். “சண்டைப் படம்னா நெறைய பேரு இருப்பாங்கோ சார்” என்றார், தயக்கத்தோடு.

அது குறித்துக்கொள்ளப்பட்டது. டிவிடி பொருள்தான் என்றும், ஆயினும் உள்ளே ஆட்கள் இருப்பதால் விருந்தாளிகளுக்கான விதிகளும் அதற்குப் பொருந்தும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. ஜெபகுமார் காபி டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனபோது சத்யபிரியா ஆவலோடு தலையைத் தூக்கினாள்.

“எந்தக் கம்பெனி?”

“டிவிடி ஒரு பொருள்தான்னு முடிவாயிருக்கு” என்றான்.

அவள் தலையை மறுபடி தலையணையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் டிஸ்க்டோரில் இருந்து பென்னி என்ற விற்பனைப் பிரதிநிதி வந்தான். டை கட்டியிருந்தான். சினிவண்டியில் ஒரு படம் கேட்டால் அது வருவதற்குள் அதன் இரண்டாம் பாகமே வந்துவிடும் என்று சொல்லிச் சிரித்தான். குழுவில் யாரும் சிரிக்கவில்லை. “உங்க கம்பெனி திடீர்னு மூடிட்டா, எங்க கையில இருக்கற டிஸ்க் யாருக்குச் சொந்தம்?” என்று ஸ்ரீநிவாசன் கேட்டார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றான் பென்னி. “அதுக்குத்தான் சங்கம் இருக்கு” என்றார் செயலாளர்.

அதற்கடுத்த வாரம் சினிவண்டியில் இருந்து ஆள் வந்தது. அதுவும் பென்னிதான். இடையில் கம்பெனி மாறியிருந்தான். டை மட்டும் அதேதான்.

“டிஸ்க்டோர்காரன் சொன்னதெல்லாம் சுத்தப் பொய் சார்” என்று ஆரம்பித்தான்.

“அது நீங்கதானே?” என்றார் ஸ்ரீநிவாசன்.

“அது போன வாரம் சார்.”

குழு கலந்தாலோசித்தது. இரண்டு தரப்பையும் நேருக்கு நேர் விசாரிப்பதுதான் முறை என்பதால், எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் போட்டு, பென்னியை மாறி மாறி உட்காரச் சொன்னார்கள். அவன் டிஸ்க்டோர் நாற்காலியில் உட்கார்ந்து சினிவண்டியைத் திட்டினான். எழுந்துபோய் சினிவண்டி நாற்காலியில் உட்கார்ந்து அதற்குப் பதிலடி கொடுத்தான். நேரம் போகப் போக அவனுக்கே சூடு ஏறிவிட்டது. ஒரு கட்டத்தில் எந்த நாற்காலியில் இருக்கிறோம் என்று மறந்துபோய்த் தன்னையே ஆதரித்துப் பேசிவிட்டான். “சமரசம் ஆயிட்டாங்க” என்று குறித்துக்கொண்டார் ஸ்ரீநிவாசன். இரண்டு கம்பெனிகளும் சங்கத்துக்கு ஒரு மாத இலவசச் சந்தா தருவதாக முடிவாயிற்று.

அன்று ஜெபகுமார் மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினான். ஒரு மாதத்துக்குப் படம்! ஆனால் முதல் டிவிடி வந்ததும் அது செயலாளர் வீட்டுக்குப் போயிற்று. குடும்பங்கள் இருக்கும் இடத்தில் எதையும் சோதிக்காமல் விட முடியாது என்று அவர் துணைக்குழுவுக்கு விளக்கினார்.

“பாருங்க, நான் படமே பார்க்கறவன் இல்லை. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனா ஆபாசம் இருக்கா இல்லையான்னு முழுசாப் பார்த்தாத்தானே தெரியும்? ஒரு தடவை பார்த்தா ஏதாவது கண்ணுல படாமப் போயிடலாம். அதனாலதான் ரெண்டாவது தடவையும் பார்க்கறோம். சந்தேகமான இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கறோம். இதெல்லாம் யாருக்காக? பொழுதுபோக்குக்காகவா? காலனிப் பெண்களோட நன்மைக்காக!”

“ஆமோதிக்கிறேன்” என்றார் தலைவர், டிவிக்கு மிக அருகில் இருந்த நாற்காலியில் இருந்து.

இப்படியாகத் துணைக்குழு தினமும் சாயங்காலம் கூடிக் கடமையாற்றியது. ஜெபகுமார் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகச் செயலாளர் வீட்டு அடுப்படிக்குப் போனான். பார்த்து முடித்த படங்கள் ‘பரிசீலனையில்’ என்ற காரணத்தோடு திரும்பிப் போயின. ஒன்றுகூட மாடி ஏறவில்லை.

ஒரு நாள் சத்யபிரியா அழுதுவிட்டாள். சத்தம் போட்டிருந்தால் அவனுக்குப் பழக்கம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

“எனக்கு ஒரு படம் வேணும்னு கேட்டேன். நீங்க ஒரு கட்சியே ஆரம்பிச்சுட்டு வந்து நிக்கறீங்க. நாளெல்லாம் இந்த ரூம்ல ஒண்டியாக் கிடக்கறேன். சாயங்காலமாவது வருவீங்கன்னு பார்த்தா, அங்க யாருக்கோ காபி ஆத்திட்டு இருக்கீங்க.”

ஜெபகுமார் கட்டிலோரம் உட்கார்ந்தான். “இன்னைக்கு ஒரு லாரி டிரைவர் படம் போட்டாங்க” என்றான். அவள் திரும்பவில்லை. சின்ன வயதில் காணாமல் போன அண்ணனைத் தேடி ஒருவன் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான் என்று ஆரம்பித்தான். அவனுக்குக் கதை சொல்லத் தெரியாது. லாரியின் பிரேக்கைப் பற்றியே நிறையச் சொன்னான். அண்ணன் மாதிரி ஒருவனை டிரைவர் ஒரு சந்தையில் பார்க்கிறான், பின்னாலேயே ஓடுகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான்…

“அப்புறம்?” என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

“அப்ப தலைவருக்குச் சர்க்கரை இல்லாத காபி போடப் போயிட்டேன்.”

அவள் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது அண்ணனா இருக்காது. அவ்ளோ சீக்கிரம் காட்ட மாட்டாங்க. வேற எவனோ. ஆனா அண்ணன் சட்டையைப் போட்டிருப்பான்” என்றாள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று அவனுக்கும் தோன்றியது. அன்று முதல் அவன் பார்த்த வரைக்கும் சொன்னான். காபிக்குப் போன இடங்களை அவள் நிரப்பினாள். அந்த அறையில் அழுகைச் சத்தம் நின்றது. சில சாயங்காலங்களில் சிரிப்பே கேட்டது.

இதற்கிடையில், கூரியரை நம்பலாமா என்று சோதிக்கத் துணைக்குழு ஒரு பரீட்சை வைத்தது. ஏ பிளாக்கில் இருக்கும் ஸ்ரீநிவாசன், பி பிளாக்கில் இருக்கும் தலைவருக்கு ஒரு காலிக் கவரைக் கூரியரில் அனுப்பினார். நடந்தால் நாலே எட்டில் போய்விடுகிற தூரம். கவர் தாம்பரத்துக்குப் போய், அங்கிருந்து ஏனோ திருச்சிக்குப் போய், ஒருவழியாகத் திரும்பி வந்தது. அதற்குள் பரீட்சை விஷயத்தை மறந்துவிட்ட தலைவர், கவரைப் பிரித்துப் பார்த்து உள்ளே ஒன்றும் இல்லாததால், திருட்டுப் போய்விட்டதாகப் புகார் கொடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று யோசித்துத் தன்னிடமே கொடுத்துக்கொண்டார். விசாரணை துரை மீது திரும்பியது.

“இன்னா பேஜாரா கீது சார்!” என்று துரை தலையில் கை வைத்துக்கொண்டார். “காலி கவர்தான்னு நீங்களே சொல்றீங்கோ. அப்பால நான் இன்னாத்த சார் எட்துக்கினு போவேன்?”

“அதைத்தான் நாங்களும் கேக்கறோம்” என்றார் ஸ்ரீநிவாசன்.

கடைசியில் ஜெபகுமார் ஒரு காலிக் கவரை வாங்கிவந்து கொடுத்து, தொலைந்ததற்கு ஈடாக அதில் இருக்கும் ஒன்றுமில்லாததை ஏற்றுக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டான். அவர் உள்ளே பார்த்துத் திருப்திப்பட்டு ஆமோதித்தார்.

சத்யபிரியாவுக்கு ஒன்பதாவது மாதம் பிறந்தது. இனி கொஞ்சம் நடக்கலாம், பயமில்லை என்றார் டாக்டரம்மா. அதே வாரம் துணைக்குழுவும் முடிவுக்கு வந்தது. இரண்டு கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதின் மனம் புண்படும், இரண்டிலும் இருப்பது பென்னியின் மனமே என்றாலும் புண் புண்தான். ஆகவே காலனிக்கு என்று பொதுவாக ஒரே ஒரு டிவிடியை விலைக்கு வாங்கிவிடுவது, அதை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவது. காதல், சண்டை, பாட்டு, மது, அரசியல் எதுவும் இல்லாத, எல்லா வீட்டிலும் பார்க்கத்தக்க ஒரு படத்தை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி கட்டுவது எப்படி என்று விளக்கும் படம் அது.

தொடக்க விழாவுக்குக் கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா போட்டார்கள். முதல் பயனாளியாகச் சத்யபிரியாவை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவள் கையில் டிவிடியைக் கொடுப்பதற்கு முன் ஸ்ரீநிவாசன் மைக்கைப் பிடித்தார்.

“இந்தச் சகோதரி கேட்டது ஒரே ஒரு படம். வேற காலனியா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? கொடுத்துட்டுப் போயிருப்பாங்க! நாம அப்படி அவசரப்படலை. அவங்க கேட்டது படமா, தேவையா, உரிமையா, இல்லை வெறும் ஆசையான்னு ஆராய்ஞ்சோம். ஆராய்ஞ்சதுல நமக்கே பல படங்கள் பார்க்கக் கிடைச்சது. அது தற்செயல். ஒருத்தருக்கு வேண்டியதை அவர் கேட்ட மாதிரியே, கேட்ட நேரத்துலயே கொடுத்துட்டா, அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு?”

கைதட்டல் எழுந்தது. சத்யபிரியா ஜெபகுமாரின் கையை இறுக்கிப் பிடித்தாள். பேச்சில் மனம் இளகிவிட்டாள் என்று முதலில் நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

“வலி எடுத்துருச்சுங்க” என்றாள்.

ஜெபகுமார் மேடையிலேயே எழுந்து, “சார், வலி எடுத்துருச்சு” என்றான். ஸ்ரீநிவாசன் மைக்கை மூடிக்கொண்டு, “நிகழ்ச்சி நிரல்ல அடுத்தது நன்றியுரைதான். அதுவரைக்கும் கொஞ்சம்…” என்றார்.

ஜெபகுமார் இடம் வலம் பார்த்தான். எந்த வழியாகப் போவது, ஆட்டோவா காரா என்று கேட்க ஆள் தேடும் பழைய பழக்கம். சுற்றிலும் துணைக்குழுதான் இருந்தது. அவன் யாரையும் கேட்கவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கி, “துரைண்ணா, ஆட்டோ!” என்று கத்தினான். துரை ஏற்கெனவே ரோட்டில் நின்று ஒரு ஆட்டோவை மறித்துக்கொண்டிருந்தார். பின்னால் மைக்கில் தலைவரின் குரல் கேட்டது. “ஆமோதிக்கிறேன்.”

ஜி.எஸ்.டி. ரோடு பெருங்களத்தூரில் வழக்கம்போல் அடைத்துக்கொண்டிருந்தது. லாரிகளுக்கு நடுவே ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. ஒரு வலி வந்து போனதும் சத்யபிரியா பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏதாவது பேசுங்க” என்றாள். அவன் முன்னால் நின்ற லாரியையே பார்த்தான். “அந்த லாரிக்காரன் கடைசியில அண்ணனைக் கண்டுபிடிச்சானா இல்லையா? அதையாவது சொல்லுங்க.”

அந்தக் கடைசிக் காட்சியின்போது ஜெபகுமார் பால் வாங்கப் போயிருந்தான். அவனுக்குத் தெரியாது.

“கண்டுபிடிச்சான்” என்றான்.

“எப்படி?”

“ஒரு ரோட்டுல… இந்த மாதிரிதான், ஒரே டிராபிக். பக்கத்து லாரியில ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டே இருக்கான். இவனுக்கு ஆத்திரம். திட்டறதுக்காக எட்டிப் பார்க்கறான். அண்ணன்.”

“ரெண்டு பேரும் லாரி டிரைவரா?”

“ஆமா. வருசக்கணக்கா ஒரே ரோட்டுலதான் எதிரும் புதிருமா ஓட்டிட்டு இருந்திருக்காங்க.”

அவள் அடுத்த வலிக்குள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள் போலிருந்தது. “ம்” என்றாள். அடைப்பு கொஞ்சம் விலகியது.

விடிந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம் என்றார்கள். ஜெபகுமார் குழந்தையைக் கையில் வாங்கி, தொழிற்சாலைப் பழக்கத்தில் விரல்களையெல்லாம் சரிபார்த்து, தேறிவிட்டது என்று தெரிந்ததும் அழுதான்.

மதியம் ஸ்ரீநிவாசன் பழப்பையோடு அறைக்கு வந்தார். குழந்தையைக் கனிவோடுதான் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

“பேர் வெச்சாச்சா?” என்றார்.

வைக்கவில்லை. ஜெபகுமாரின் அம்மா ஒரு பேர் சொல்லியிருந்தார், சத்யபிரியாவின் அப்பா வேறொன்று சொல்லியிருந்தார். எதை வைப்பது என்று நாலு பேரைக் கேட்கவேண்டும் என்றிருந்தான். ஆனால் ஸ்ரீநிவாசனின் கை மெதுவாகச் சட்டைப்பைப் பேனாவை நோக்கிப் போவதை அவன் பார்த்தான்.

“வெச்சாச்சு சார்” என்றான்.

“அப்படியா? என்ன பேர்?”

எதிரே ஒரு நர்ஸ் குனிந்து மருந்து ஏற்றும் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் சட்டையில் பேர் அட்டை குத்தியிருந்தது.

“மிருதுளா” என்றான் ஜெபகுமார்.

“என்ன சார்?” என்று நர்ஸ் நிமிர்ந்தாள்.

ஸ்ரீநிவாசனின் முகம் வாடிப்போயிற்று. “நல்ல பேர்தான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு சின்னக் குழுவாவது போட்டு…” என்று இழுத்துவிட்டு, பழப்பையை வைத்துவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் கட்டிலில் இருந்து குரல் வந்தது. தூங்குகிறாள் என்று அவன் நினைத்திருந்த சத்யபிரியா முழுக்க விழித்திருந்தாள்.

“யாரைக் கேட்டு அந்தப் பேரை வெச்சீங்க?”

ஜெபகுமார் பழப்பையை எடுத்து ஓரமாக வைத்தான்.

“யாரையும் கேக்கலை” என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை அவன் பக்கமாக மெல்லத் திருப்பி வைத்தாள்.

“மிருதுளா, இங்க பாரு” என்றாள். “உங்கப்பா.”